பனிவெளியில் துரத்தும் பூதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் மாதக் கடைசி சனிக்கிழமை இரவு படம் போடுவோம். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில் இருக்கும் அண்டை வீட்டார், என் அண்ணன் குடும்பம், என்னோடு வேலை செய்யும் தம்பிமார்கள் என்று பதினைந்து இருபது பேர் வருவார்கள். எனக்குப் பிடித்தது ஒரே வகைதான்: உறைந்துபோன வெட்டவெளி, அதில் மாட்டிக்கொண்ட சில மனிதர்கள், அவர்களைத் துரத்தும் ஏதோ ஒன்று. அதனால் அந்த வகைப் படங்கள்தான் அதிகம் ஓடும். படம் ஓடும்போதே கேள்விகளும் வரும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இது என்ன படம் அண்ணே? பேய்ப் படமா, வேட்டைப் படமா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஆனால் பேய்ப் படத்தில் வீட்டைவிட்டு வெளியே ஓடிவிட்டால் பிழைக்கலாம். இதில் வெளியே போனால்தான் சாவு. உள்ளே இருந்தால் விறகு தீரும், சாப்பாடு தீரும், கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்கும். கதாபாத்திரங்களுக்கு எதிரி இரண்டு பேர், குளிரும் மிருகமும். குளிர்தான் முதலில் வந்தது, அது கடைசிவரை போகாது. மிருகம் அப்புறம் வந்து சேர்வது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் படம் இரண்டு மடங்கு பயமுறுத்தும். கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கும் இதுவே அடிப்படை.

நாம பினாங்குல இருக்கோம். பனியைக் கண்ணாலகூட பார்த்ததில்ல. நமக்கு எப்படிப் புரியும்?

நான் பதினொரு வருடமாக மீனும் கோழியும் வைக்கும் கோல்ட் ரூமில் வேலை செய்கிறேன். உள்ளே மைனஸ் 18 டிகிரி. உறைந்த உணவுக்கு உலகம் முழுக்க அதுதான் அளவு. முதல் நாள் உள்ளே போனபோது மூக்குக்குள் இருக்கும் முடி விறைத்துக் குத்தியது. ஈரமான விரலோடு இரும்பு ரேக்கைத் தொட்டேன், ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோல் கொஞ்சம் அதிலேயே தங்கிவிட்டது. வெளியே வந்தால் பிறை வெயில் 33 டிகிரி. கண்ணாடி ஒரே நொடியில் வெள்ளையாக மூடிக்கொண்டது, எதிரே நின்ற லோரிகூடத் தெரியவில்லை.

அந்தார்டிகாவில் வோஸ்டோக் என்ற ஆய்வு நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 டிகிரி பதிவானது. என் கோல்ட் ரூமுக்கும் வெளியே அடிக்கும் வெயிலுக்கும் இடையே 51 டிகிரி வித்தியாசம். அந்த வோஸ்டோக் குளிருக்கும் என் கோல்ட் ரூமுக்கும் இடையே 71 டிகிரி. பனி பார்க்காதவர்களுக்குப் புரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெப்பத்திலேயே பிறந்து வளர்ந்த உடம்புக்குத்தான் அது இல்லாமல் போவது என்னவென்று சட்டென்று உறைக்கும்.

அங்க உண்மையிலேயே மாசக்கணக்கா இருட்டா? கதைக்காகச் சொல்றாங்களா?

உண்மைதான். அலாஸ்காவின் வடக்கு முனையில் உட்கியாக்விக் என்ற ஊர் இருக்கிறது. 2016 வரை அதன் பெயர் பாரோ. அங்கே நவம்பரில் மறையும் சூரியன் ஜனவரி கடைசியில்தான் திரும்ப எட்டிப்பார்க்கும், ஏறக்குறைய 65 நாள். தென் துருவத்தில் இன்னும் மோசம், மார்ச்சில் மறைந்தால் செப்டம்பரில்தான் உதயம். நமக்கோ வருடம் முழுக்க ஏழு, ஏழரைக்கு விடியும், ஏழு, ஏழரைக்கு இருட்டும். அதனால் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நமக்குச் சாதாரணப் பேச்சு. இந்தப் படங்களில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒரு ஹெலிகாப்டரைக் கூப்பிட்டா முடிஞ்சது லா. ஏன் கூப்பிட மாட்டேங்குறாங்க?

பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வொரு மாதமும் கேட்கும் கேள்வி. கூப்பிட்டாலும் வர முடியாது. கடுங்குளிரில் எரிபொருள் கெட்டியாகும், எண்ணெய் குழம்பாகும், புயலில் தரை எது வானம் எது என்று விமானிக்குத் தெரியாது. தென் துருவ நிலையத்துக்கு பிப்ரவரியிலிருந்து ஏறக்குறைய அக்டோபர் கடைசிவரை வழக்கமான விமானமே கிடையாது. குளிர்காலத்துக்கு உள்ளே தங்கியவர்கள் தங்கியவர்கள்தான்.

இதற்கு நான் சொல்லும் உண்மைச் சம்பவம் ஒன்று உண்டு. 1961 ஏப்ரல் 30. அந்தார்டிகாவில் சோவியத் நிலையம் ஒன்றில் லியோனிட் ரோகசோவ் என்ற 27 வயது மருத்துவருக்குக் குடல்வால் வீங்கிவிட்டது. அங்கே இருந்த ஒரே மருத்துவர் அவர்தான். வெளியே புயல், விமானம் வர வழியில்லை. பக்கத்தில் ஒருவர் கண்ணாடி பிடிக்க, தன் வயிற்றைத் தானே கிழித்து, குடல்வாலை வெட்டி எடுத்துத் தைத்துக்கொண்டார். பிழைத்தும்விட்டார். மிருகம் எதுவுமே இல்லாத இடத்தில் இது நடந்தது. படத்தில் ரேடியோ கெட்டுப்போவதைப் பார்த்து "சும்மா கதை விடுறான்" என்று சொல்பவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அது துரத்துது, இவன் என்ன ஆடி அசைஞ்சு நடக்குறான்? ஓட வேண்டியதுதானே!

எல்லாக் கேள்வியிலும் எனக்கு முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓடினால் வியர்க்கும். வியர்வை உள்சட்டையில் ஊறும். நம் ஊரில் அதனால் துணி நாறும், அவ்வளவுதான். அங்கே, நின்ற மறுநிமிடமே அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும். குளிர் உடையைக் கதகதப்பாக வைத்திருப்பது அதற்குள் அடைபட்டிருக்கும் காற்று. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் எவ்வளவு தடித்த ஜாக்கெட்டானாலும் பிரயோசனம் இல்லை. அதனால்தான் துருவத்தில் பயணம் செய்பவர்கள் வியர்ப்பதற்கு முன்பே ஓர் அடுக்கைக் கழற்றிவிடுவார்கள், வேகத்தைக் குறைப்பார்கள்.

எங்கள் கிடங்கில் ஒரு தம்பி புதிதாக வேலைக்குச் சேர்ந்தார். வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று ஒரு லோரி சரக்கை ஓடி ஓடி அடுக்கினார். முக்கால் மணி நேரம் இருக்கும். முடித்துவிட்டு, உள்ளேயே நின்று பெட்டிகளை எண்ணி எழுதத் தொடங்கினார். ஐந்து நிமிடத்தில் பேனா கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தவரால் விரலை மடக்க முடியவில்லை. உதடு நீலமாகி, "ண்ணே" என்று மட்டும் சொன்னார். வெளியே கூட்டிவந்து சட்டையைக் கழற்றினால், பிழிந்தால் சொட்டும் அளவு நனைந்திருந்தது. அவருக்கு வெளியே வெயில் இருந்தது, சூடாக மைலோ இருந்தது. படத்தில் வருபவனுக்கு அடுத்த இருபது மைலும் பனிதான்.

இன்னொன்று. முழங்கால் வரை புதையும் பனியில் ஓடவும் முடியாது. பத்து அடிக்கு மூச்சு வாங்கும். பனிக்கரடிகூட நெடுந்தூரம் ஓடாது, அந்தக் கொழுப்புக்கும் ரோமத்துக்கும் அதன் உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும். அதனால் நல்ல படங்களில் துரத்தல் மெதுவாகவே நடக்கும். நடந்தால் மிருகம் பிடிக்கும், ஓடினால் குளிர் பிடிக்கும். அவன் மெதுவாக நடப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

துப்பாக்கி இருக்கு, சுட்டா வெடிக்க மாட்டேங்குது. இது இயக்குநர் வேலைதானே?

இல்லை. வெளியே வந்ததும் என் கண்ணாடி மூடிக்கொண்டதைச் சொன்னேன் அல்லவா? துப்பாக்கிக்கும் அதேதான். குளிரிலிருந்து கூடாரத்துச் சூட்டுக்குள் கொண்டுவந்தால் உள்ளெல்லாம் ஈரம் படியும். மறுபடி வெளியே எடுத்துப்போனால் அந்த ஈரம் உறையும், மசகு எண்ணெயும் இறுகும், பாகங்கள் நகராது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் துப்பாக்கியைக் குளிரிலேயே விட்டுவைப்பார்கள். கைபேசி பேட்டரி சட்டென்று இறங்குவதும் குளிரால்தான்.

சுத்தி முழுக்கப் பனி. அள்ளித் தின்னா தண்ணிதானே? ஏன் தாகத்துல சாகுறாங்க?

ஒரு கிலோ பனி உருக மட்டும் ஏறக்குறைய 80 கிலோகலோரி வேண்டும். அது உடம்புச் சூட்டுக்கு வர இன்னும் 37. இவ்வளவையும் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கும் உடம்பு கொடுக்க வேண்டும். அடுப்பில் உருக்கிக் குடித்தால் தப்பு இல்லை. படத்தில் அடுப்போ எண்ணெயோ தொலைந்தால் தாகமும் சேர்ந்துகொண்டது என்று அர்த்தம். மதுவும் அப்படித்தான், தோலுக்கு ரத்தத்தை ஏற்றிச் சூடாகிவிட்டது போலக் காட்டும், உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும்.

சாகப்போறவன் சட்டையைக் கழட்டிப் போடுறான். பேய் பிடிச்சிடுச்சா?

உடம்பின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து ஆரம்பம். முதலில் பயங்கரமாக நடுங்கும். இன்னும் இறங்கினால் நடுக்கம் குறைந்து, அப்புறம் நின்றே போகும். நாக்கு குழறும், புத்தி தடுமாறும். சிலருக்குக் கடைசிக் கட்டத்தில் உடம்பெல்லாம் எரிவது போல இருக்கும், துணியைக் கழற்றி வீசுவார்கள். அதுவரை சுருங்கிக் கிடந்த தோல் ரத்தக் குழாய்கள் களைத்துப்போய் விரிந்துவிடுவதால் அப்படி ஆகிறது என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள்.

1959 பிப்ரவரியில் ரஷ்யாவின் யூரல் மலையில் ஒன்பது மலையேறிகள் இறந்தார்கள். இன்று அந்த இடத்தைத் தியாத்லோவ் கணவாய் என்கிறார்கள். கூடாரம் உள்ளிருந்து கிழிக்கப்பட்டிருந்தது, சிலர் காலணிகூட இல்லாமல் கிடந்தார்கள். அறுபது வருடம் அதைச் சுற்றிப் பூதக் கதைகள் கிளம்பின. கூடாரத்துக்கு மேலே பலகை போல இறுகிக் கிடந்த பனி சரிந்திருக்கலாம் என்று 2021-ல் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எனக்கு அந்த விளக்கம் போதும். இருட்டில், உறக்கத்தில், தலைக்கு மேலே பனி இறங்கினால் நானும் கத்தியால் கிழித்துக்கொண்டுதான் ஓடுவேன்.

ஏன் எல்லா மிருகமும் யானை மாதிரி பெரிசா இருக்கு?

என் அண்ணன் மகள் கேட்டது. அவளை ஐஸ் கச்சாங் கடைக்குக் கூட்டிப்போய்த்தான் பதில் சொன்னேன். கடைக்காரர் வைத்திருக்கும் ஐஸ் கட்டி மத்தியானம் வரை நிற்கிறது. அதையே சீவித் தட்டில் போட்டால் பேசி முடிப்பதற்குள் தண்ணீர். ஐஸ் ஒன்றுதான், சீவியதில் வெளிப்பரப்பு அதிகம், கட்டியில் குறைவு. வெப்பம் உள்ளே போவதும் வெளியே போவதும் பரப்பு வழியாகத்தான். பெரிய உடம்புக்கு அதன் எடையோடு பார்த்தால் தோல் பரப்பு குறைவு, அதனால் சூடு சீக்கிரம் போகாது.

ஜெர்மானிய அறிஞர் பெர்க்மான் 1847-லேயே இதை எழுதினார். நம் மலேசியக் காட்டில் இருக்கும் சூரியக் கரடிதான் கரடிகளிலேயே சிறியது, 65 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். ஆண் பனிக்கரடி 500 கிலோ இருக்கும். ஆகவே பனிப் பூதத்தைப் பெரிதாகக் காட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஒல்லியாக, நீண்ட கை காலோடு, ரோமமே இல்லாமல் காட்டினால்தான் எனக்கு உறுத்தும்.

தென் துருவத்துல பனிக்கரடி வந்து தாக்குமா?

தாக்காது, அங்கே பனிக்கரடியே இல்லை. பனிக்கரடி வடக்கில் மட்டும். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் ஊர் எல்லையைத் தாண்டினால் கரடியை விரட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். தெற்கிலோ, முழுக்க முழுக்கத் தரையிலேயே வாழும் பிராணிகளில் மிகப் பெரியது இறக்கையில்லாத ஒரு சின்னக் கொசு போன்ற பூச்சி, சில மில்லிமீட்டர் நீளம். கடலில்தான் ஆபத்து. 2003-ல் சிறுத்தைக் கடல்நாய் (லெப்பர்ட் சீல்) ஒன்று ஓர் ஆய்வாளரைத் தண்ணீருக்குள் இழுத்துக் கொன்றது. அதனால்தான் அந்தார்டிகாக் கதை எழுதுபவர்கள் பூதத்தை வானத்திலிருந்தோ பனிக்கு அடியிலிருந்தோ கொண்டுவருகிறார்கள். தரையில் ஆள் இல்லை.

பனிக்குள்ள ஆயிரம் வருஷம் கிடந்தது எழுந்து வருமா?

மிகச் சிறியது வரும். சைபீரியாவின் உறைமண்ணில் ஏறக்குறைய 46,000 வருடம் கிடந்த நுண்புழுக்கள் உயிர்பெற்றதாக 2023-ல் ஆய்வு வெளியானது. அலாஸ்காவில் ஒருவகைத் தவளை ஒவ்வொரு குளிர்காலமும் கல் மாதிரி உறைந்து, வசந்தத்தில் குதித்துப் போகிறது. அதன் உடம்பில் சர்க்கரை ஏறி உயிரணுக்களைக் காப்பாற்றுகிறது.

பெரிய மிருகத்துக்கு அது நடக்காது. உறைந்த மீனை மெதுவாக இளக வைத்துப் பாருங்கள், தட்டில் தண்ணீர் தேங்கும், சதை தளர்ந்துபோகும். ஐஸ் ஊசிகள் உயிரணுவைக் கிழித்ததால் வடிந்த தண்ணீர் அது. எவ்வளவு மெதுவாக உறைகிறதோ அவ்வளவு பெரிய ஊசி. ஒரு ராட்சத உடம்பு நடுவரை உறைய நாள் கணக்காகும். படத்தில் அது எழுந்து வந்தால் நான் அதை மிருகமாக எடுத்துக்கொள்ள மாட்டேன், வேற்றுலகத்து உயிராக எடுத்துக்கொள்வேன். அப்படி எடுத்துக்கொண்டால் பயமும் கெடுவதில்லை.

எட்டி உண்மையா மாமா?

எட்டி என்பது இமயமலையில் திரிவதாகச் சொல்லப்படும் பனிமனிதன். 1951-ல் இமயத்தில் மலையேறி எரிக் ஷிப்டன் எடுத்த காலடிப் படம்தான் உலகத்தையே பேசவைத்தது. ஆனால் வெயிலில் பனி உருகினால் சின்னக் காலடியும் விரிந்து பெரிதாகும். எட்டியுடையது என்று பாதுகாத்து வைத்திருந்த ஒன்பது மாதிரிகளை 2017-ல் மரபணுச் சோதனை செய்தார்கள். எட்டு கரடி, ஒன்று நாய். 2005 கடைசியில் ஜொகூர்க் காட்டில் பெரிய காலடி பார்த்ததாக எழுந்த பேச்சு பலருக்கு ஞாபகம் இருக்கும். காடு பெரிதாக இருந்தால் காலடியும் பெரிதாகும் போல.

வெண்டிகோ வெண்டிகோன்னு சொல்றாங்களே, அது என்ன? மான் கொம்பு வெச்ச பேயா?

வட அமெரிக்காவின் கிரீ, ஒஜிப்வே போன்ற பழங்குடி மக்களின் நம்பிக்கை அது. பஞ்சம் பிடித்த குளிர்காலத்தில் மனித மாமிசம் தின்றவன் அப்படி ஆவான் என்பார்கள். எலும்பும் தோலுமாக இருக்கும், தின்னத் தின்ன உடம்பு வளரும், வளர்ந்த உடம்புக்குத் தக்கபடி பசியும் வளரும், ஒருநாளும் வயிறு நிறையாது. மான் தலையும் கொம்பும் பின்னால் ஒட்டவைத்தவை, பழைய கதைகளில் இல்லை.

பினாங்கில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. சீனர்களின் ஏழாம் மாதத்தில் பசித்த ஆவிகளுக்கு ரோட்டோரம் சோறும் ஊதுபத்தியும் வைப்பதைப் பார்த்துத்தான் நாம் பள்ளிக்கூடம் போனோம். பெருத்த வயிறு, ஊசி போன்ற தொண்டை என்பார்கள். நம் ஊரில் அந்தப் பசிக்குச் சோறு போட்டு அனுப்பிவைக்கிறோம். அங்கே போடுவதற்குச் சோறே இல்லை. அந்த மக்களுக்கு இது வழிவழி வந்த எச்சரிக்கை, வெறும் பேயாட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பூதம் வெளியில நிக்குது. இவங்க ஏன் உள்ளுக்குள்ளயே அடிச்சிக்கிறாங்க?

மேலே சொன்ன பசியும் இருட்டும் சேர்ந்தால் அதுதான் நடக்கும். 1845-ல் சர் ஜான் பிராங்க்ளின் இங்கிலாந்திலிருந்து இரண்டு கப்பலோடு வடதுருவக் கடல்வழி தேடிப் போனார். பனியில் சிக்கிய கப்பல்களை 1848 ஏப்ரலில் கைவிட்டார்கள். போன 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. கடைசியில் சிலர் இறந்தவர்களைத் தின்றார்கள் என்று அங்கே வாழும் இனூயிட் மக்கள் சொன்னதை 1854-ல் ஜான் ரே என்ற துருவப் பயணி லண்டனுக்குத் தெரிவித்தபோது, அங்கே அவரைத் திட்டித் தீர்த்தார்கள். பின்னாளில் எலும்புகளில் கத்தி வெட்டுகள் தெரிந்தன. 2014-ல் ஒரு கப்பலும் 2016-ல் மற்றதும் கடலடியில் கிடைத்தன. முதல் கப்பல் கிடந்தது இனூயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பக்கத்தில்தான். இதைப் படித்த பிறகு, படத்தில் யாராவது சாப்பாட்டுப் பெட்டியை எண்ணும் காட்சி வந்தால் எனக்கு மிருகமே மறந்துபோகிறது.

அந்தப் பிராணியை ஏன் கடைசிவரைக்கும் முழுசாக் காட்ட மாட்டேங்குறாங்க? காசு இல்லையா?

காசும் ஒரு காரணம்தான். ஆனால் பனிவெளியில் உண்மையிலேயே தெரியாது. மேகமும் தரையும் ஒரே வெள்ளையாகும்போது நிழல் விழாது, தொடுவானம் மறையும், பத்தடியில் இருப்பது மலையா பெட்டியா என்று புரியாது. காதும் ஏமாற்றும். புதுப்பனி சத்தத்தை விழுங்கிவிடும். உறைந்த ஏரிமேல் குளிர்ந்த காற்று அடியில் தங்கினால் வெகுதூரத்துப் பேச்சும் பக்கத்தில் கேட்கும். ஆகவே மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டு ஆள் தெரியாமல் இருப்பது சரியான காட்சிதான்.

படத்துல வர்ற பனி நிஜமா?

பல படங்களில் காகிதத்தூள், நுரை, உப்பு. 1982-ல் வந்த 'தி திங்' படத்துக்கு வெளிக்காட்சிகளைக் கனடாவில் ஸ்டுவர்ட் என்ற ஊர்ப் பக்கம் எடுத்தார்கள். உட்காட்சிகளை லாஸ் ஏஞ்சலஸ் கோடையில், அரங்கையே குளிரூட்டி எடுத்தார்கள், மூச்சு புகையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. நான் முதலில் பார்ப்பது அந்த மூச்சைத்தான். வாயிலிருந்து புகை வராமல் "குளிருது" என்று வசனம் பேசினால் எனக்குப் படம் அங்கேயே முடிந்துவிடும்.

பிள்ளைகளோட பார்க்கலாமா?

தணிக்கை வகைப்பாட்டைப் பாருங்கள், 16 அல்லது 18 என்று இருந்தால் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கு மிருகத்தைவிட நாய் சாவதுதான் தாங்காது. இந்த வகைப் படங்களில் ஆபத்தை முதலில் மோப்பம் பிடிப்பது நாய், முதலில் போவதும் பெரும்பாலும் நாய். முன்னாடியே சொல்லிவிடுவது நல்லது.

அண்ணே, நானே ஒண்ணு எழுதலாம்னு இருக்கேன். கொடிமலையில நடக்குற மாதிரி வெச்சுக்கலாமா?

நம் பினாங்கு ஹில்தானே கொடிமலை, அங்கே ஸ்வெட்டர் போடலாம், அவ்வளவுதான். மலேசியாவில் பனிப்படலம் எப்போதாவது படிவது 4,095 மீட்டர் கினபாலு உச்சியில். நம்மவர்கள் உண்மையான பனிக்குப் போகும் கதை வேண்டுமானால் வழி இருக்கிறது. மலேசியா 2011-ல் அந்தார்டிக் உடன்படிக்கையில் சேர்ந்தது, இங்கிருந்து ஆய்வாளர்கள் போய் வருகிறார்கள். குழுவில் ஒரு தமிழ்ப் பெண்ணை வைத்து எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

எனக்கு இன்னொரு ஆசை உண்டு, கேட்டதால் சொல்கிறேன். பிறையில் ஒரு கோல்ட் ரூமை வைத்து எழுதுங்கள். இரவு வேலை, ஆறு பேர், மைனஸ் 18. கதவில் உட்புறமாகத் திறக்க ஒரு கைப்பிடி இருக்கும், விளக்கு அணைந்தாலும் தெரியும்படி பச்சையாக மினுங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் என் கையைப் பிடித்து முதலில் தொடவைத்தது அதைத்தான். அடுக்குகளின் கடைசி வரிசையில் ஏதோ நகர்கிறது, இவர்கள் எல்லாரும் நடுவில் நிற்கிறார்கள், அந்தப் பச்சை வெளிச்சம் ஒரு கணம் மறைந்து மறுபடி தெரிகிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.